விற்ற காரில் பழுது வந்தால் யார் பொறுப்பு?

சொந்தக் காரை விற்றுப் பணமும் வாங்கியாகிவிட்டது. பத்து நாள் கழித்து, வாங்கியவரிடமிருந்து போன் வருகிறது. மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லையாம். மெக்கானிக்கிடம் காட்டினால், கிளட்ச் தேய்ந்துபோயிருக்கிறது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறாராம். பாதிச் செலவையாவது நீங்கள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். விற்றவருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை.

இப்படி ஒரு போன் வந்தால் இந்தியச் சட்டம் விற்றவருக்கு ஆறுதலும் சொல்லும், கொஞ்சம் கிலியும் ஏற்படுத்தும். விற்ற பிறகு கார் எப்படி ஓடுகிறது என்பதற்கு, தன் சொந்த வண்டியை விற்ற தனிநபர் பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் விற்கும்போது என்ன சொன்னார், எதை மூடி மறைத்தார், விற்கும் உரிமை அவருக்கு இருந்ததா, இன்று ஆர்.சி.யில், அதாவது வாகனப் பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறது ஆகிய நான்குக்கும் பொறுப்பு உண்டு. ஆட்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் கிளட்சுக்காக. ஆனால் சொத்தை விற்கும் அளவுக்கு மாட்டிக்கொள்ள வைப்பது அந்த ஆர்.சி. விஷயம்தான். அதனால் அதைக் கடைசியில் விரிவாகவே பார்ப்போம்.

வியாபாரியும் தனிநபரும்

பழைய கார் விற்பனைக்குப் பொருந்துவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். இங்கிலாந்தில் 1893-இல் வந்த சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் 16-ஆம் பிரிவு தொடங்குவதே ஒரு மறுப்போடுதான்: விற்கப்படும் பொருளின் தரத்துக்கோ, அது ஒரு குறிப்பிட்ட உபயோகத்துக்குப் பொருந்துமா என்பதற்கோ, சொல்லாமலே உள்ளடங்கிய உத்தரவாதம் எதுவும் கிடையாது. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவரின் வேலை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. முக்கியமான இரண்டும் வியாபாரிகளைக் குறிவைத்தவை. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன தேவைக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். அந்த வகைப் பொருளைக் கையாளும் விற்பனையாளரிடம் விவரணையை, அதாவது பொருள் இன்னது என்று அவர் சொன்னதை, வைத்து வாங்கினால், பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். அங்கும்கூட, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு உத்தரவாதம் கிடையாது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எட்டு வருடம் ஓட்டிய தன் ஒரே காரை விற்கிறார். அவர் கார் விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆகவே இந்த இரண்டு விதிவிலக்கும் அவரைத் தொடாது. அதே கார் ஒரு பழைய கார் ஷோரூம் வழியாக விற்றிருந்தால் கதை வேறு. 2023 ஏப்ரல் முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி ஏற்பாடே வந்துவிட்டது. அவர்களுக்குச் சட்டம் வைக்கும் அளவுகோல் கூடுதல்.

வருடத்துக்கு ஐந்தாறு கார்களை வாங்கிப் பாலிஷ் போட்டு விற்றுவிட்டு, நான் தனிநபர்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. செய்கிற காரியத்தைப் பார்க்கும். லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்கிறவர் வியாபாரி என்றே கருதப்படுவார்.

நுகர்வோர் நீதிமன்றம் (சட்டத்தில் அதன் பெயர் நுகர்வோர் ஆணையம்) என்ற மிரட்டலும் இந்த இடத்தில்தான் வலுவிழக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளுக்கான புகார், வணிகர், உற்பத்தியாளர், சேவை தருபவர் போன்றவர்கள் மேல் கொடுக்கப்படுவது. ஒருமுறை தன் வண்டியை விற்ற தனிநபரை அந்த வரிசையில் நிறுத்துவது கடினம். ஆனாலும் நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமே இல்லை என்பதால் யாரும் எளிதாகப் புகார் கொடுத்துவிடலாம். பதில் தர 30 நாள், கூடுதலாக அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதைத் தாண்டினால் பதிலை ஏற்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நான் தனிநபர், இந்தப் புகார் இங்கே செல்லாது என்ற வாதத்தையும் அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் வைக்க வேண்டும்.

பேசாமல் இருந்த குதிரைக்காரர்

தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றால், தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்றுவிடலாமா? இதற்கு விடை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடியை வரையறுக்கும் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. காரே இல்லாத காலத்துச் சட்டம் என்பதால் உதாரணங்களில் குதிரை வருகிறது. அவற்றைப் படிப்பதே ஒரு சுவை.

ஒருவர் ஏலத்தில் குதிரையை விற்கிறார். அதற்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில், வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த விற்பவரின் சொந்த மகள். இங்கே குறையைச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு, காரணம் அந்த உறவு. மூன்றாவதில், வாங்குபவர், ‘நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்’ என்கிறார். விற்பவர் மௌனம் சாதிக்கிறார். இப்போது அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

கார் வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்றாவது குதிரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. கேள்வி கேட்க வேண்டும். ‘எஞ்சினைக் கழற்றி வேலை பார்த்ததுண்டா? விபத்து நடந்திருக்கிறதா? வெள்ளத்தில் நின்றதா? எந்த எச்சரிக்கை விளக்காவது எரிகிறதா? இல்லை என்றால் எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம், எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து விற்பவரின் மௌனத்துக்கு விலை வந்துவிடுகிறது.

சும்மா இருப்பது வேறு, மூடி மறைப்பது வேறு. குறை தெரிந்தும் அதை வெளியே தெரியாமல் ஆக்க ஏதாவது செய்தால், அது 17-ஆம் பிரிவின்படி நேரடியாக மோசடி. ரேடியேட்டர் தண்ணீர் வாரம் ஒருமுறை குறைகிறது என்று தெரிந்தவர், அதைப் பற்றி எதுவும் பேசாமல் விற்றால் குதிரைக்காரர் கணக்கு. கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றி, கட்டியான எஞ்சின் ஆயில் போட்டுச் சத்தத்தை அமுக்கி விற்றால் மோசடிக் கணக்கு.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்த விளக்கை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்து அழித்துவிடலாம். பல கார்களில் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினாலே அணைந்துவிடும். மறுபடி எரிய நேரமாகும். ஆனால் அழித்த சுவடு வண்டிக்குள் இருக்கும். புகைக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் சுய பரிசோதனைகள் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய், கொஞ்ச நாள் பலவிதமாக ஓட்டினால்தான் முடியும். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக், பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு அந்தப் பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்ப்பார். ‘தயார் இல்லை’ என்று வரிசையாக வந்தால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். புதுப் பேட்டரி போட்டதாலும் இப்படி ஆகலாம் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் பொய்யானால், வழக்குக்கு அடிப்படை கிடைத்துவிடுகிறது.

சொன்ன சொல்லின் எடை

‘வண்டி தங்கம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். என் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்.’ இதையெல்லாம் நீதிமன்றம் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடும். ‘டைமிங் பெல்ட் 60,000 கிலோமீட்டரில் மாற்றியது, நான்தான் முதல் உரிமையாளர், 2019-இல் தயாரானது’ என்று சொன்னால் அது தகவல். சரிபார்க்கக் கூடிய தகவலைச் சொல்லி, அதை நம்பி ஒருவர் பணம் கொடுத்தால், அந்தத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்.

விவரணையை வைத்து விற்கும்போது பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. வியாபாரி, தனிநபர் என்ற பேதம் இங்கே இல்லை. வருட விஷயத்தில் பலர் இதில் சறுக்குவார்கள். டிசம்பரில் தயாரான கார் அடுத்த வருடம் பதிவாகியிருக்கும். விளம்பரத்தில் பதிவு வருடத்தைப் போட்டு, அதையே மாடல் என்று சொல்லிவிடுவார்கள். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாகவே அச்சாகியிருக்கிறது. பார்த்து எழுத ஒரு நிமிடம் போதும்.

தெரிந்தே சொன்ன பொய்க்கும் தெரியாமல் சொன்ன தவறுக்கும் வித்தியாசம் உண்டு. முந்தைய உரிமையாளர் சொன்னதை நம்பி ‘விபத்தே நடக்காத வண்டி’ என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். அது மோசடி ஆகாது. ஆனால் தவறான தகவல் என்ற வகையில் விழும், ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லும் உரிமை வாங்கியவருக்கு வரலாம். இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கிய வண்டியை விற்கிறவர்கள் ஒரே ஒரு சொற்றொடரைப் பழகிக்கொண்டால் போதும்: ‘என்னிடம் இருந்த நான்கு வருடத்தில் விபத்து எதுவும் இல்லை. அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.’ இப்படிச் சொன்னால் விலையில் கொஞ்சம் இடிக்கும். பரவாயில்லை.

தரகர் மூலம் விற்கும்போது இன்னும் கவனம் தேவை. உங்கள் சார்பில் பேசுகிற தரகர், அந்த வேலையினூடே சொல்லும் பொய், நீங்களே சொன்ன பொய்க்குச் சமம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆம் பிரிவு. நீங்கள் 1,10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியைச் சாவியோடு ஒப்படைத்திருப்பீர்கள். வாங்குபவர் பார்க்கும்போது மீட்டர் 58,000 காட்டும். மீட்டரைத் திருத்துவது ஏமாற்றுக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில், ஏமாற்றிச் சொத்தைப் பெறுவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வண்டியைத் தரகரிடம் கொடுக்கும் அன்றே மீட்டரை, தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் பாதுகாப்பு வேறில்லை.

கிளட்ச் கதைக்குத் திரும்பினால்

பழுது வந்துவிட்டது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. விற்ற அன்றே அந்தக் குறை இருந்தது, விற்றவர் அதைப் பற்றிப் பொய் சொன்னார் அல்லது மறைத்தார், அதை நம்பித்தான் நான் வாங்கினேன் என்று காட்ட வேண்டிய சுமை வாங்கியவருடையது. கிளட்ச், பிரேக் பேடு, டயர், பேட்டரி இவையெல்லாம் ஓட ஓடத் தேய்கிற பொருள்கள். எட்டு வருட வண்டியில் கிளட்ச் தேய்வது அதிசயமில்லை. ஒருவர் பத்து வருடம் பழுதில்லாமல் ஓட்டிய கிளட்சை, அரை கிளட்சிலேயே மேடு ஏறும் பழக்கமுள்ள இன்னொருவர் சீக்கிரமே கருக்கிவிட முடியும். ஓட்டிப் பார்த்தபோதே கிளட்ச் நழுவுவது தெரிந்திருக்கும், தெரிந்து விலை பேசினார் என்று விற்றவர் தரப்பு சொல்லும்.

இங்கே வாங்குபவருக்கு எதிரான இன்னொரு விதியும் இருக்கிறது. தவறான தகவலாலோ மௌனத்தாலோ ஏமாந்தேன் என்று ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டால், ‘சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே?’ என்ற கேள்வி வரும். ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இருக்கும் விதிவிலக்கு இது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகாமல், ராத்திரி தெருவிளக்கில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இது பாதகமாகத் திரும்பும். தீவிரமாகத் திட்டமிட்டு மறைத்த மோசடியில் மட்டும் இந்தத் தற்காப்பு விற்றவருக்குக் கைகொடுக்காது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்குவது என்பது அநேகருடைய ஆசை. ஆனால் வாங்கி, ஓட்டி, நாள் கடத்திவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் விவரணை தவறு என்று நிரூபித்தாலும் நஷ்டஈடுதான், திருப்பித் தரும் உரிமை போய்விடும். எனவே பொய் தெரிந்த அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஓட்டிவிட்டுக் கோபப்படுவதில் பொருளில்லை. வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு ஓடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டமெல்லாம் உரசிப் பார்க்கப்படுவது வெள்ளக் கார்களில். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து, அப்படியே ஏலத்தில் விட்ட வண்டிகளும் உண்டு. அவை கழுவி, உலர்த்தி, சீட் உறை மாற்றி மறுபடி சந்தைக்கு வந்துவிடும். பார்வைக்குப் புதுசாகவே இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியில் மண் கோடு தெரியலாம். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், வயர் முனைகளில் பச்சைப் பூச்சு. கோளாறு உடனே வராது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஜன்னல் இறங்காது, பிறகு ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு மின் இணைப்புகள் ஒவ்வொன்றாக அடம்பிடிக்கும்.

வெள்ளத்தில் நின்றதா என்ற கேள்விக்கு இல்லை என்று விற்றவர் சொல்லியிருந்தால், எட்டு மாதம் கழித்து வந்த அந்தக் கோளாறும் அவர் தலையில் விழும், ஏனென்றால் இங்கே வழக்கு ஜன்னலைப் பற்றியது அல்ல, அந்தப் பதிலைப் பற்றியது. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு வாங்கிய பதிவு இருக்கும், சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்த பதிவு இருக்கும். பொய்யை நிரூபிப்பது மற்ற பழுதுகளைவிட இதில் சுலபம்.

‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பிற்பாடு வரும் எந்தப் பழுதுக்கும் நான் பொறுப்பல்ல’ என்று முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது பயனுள்ள வரிதான், எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். தரத்தைப் பற்றிய வாதத்தை அது அடைத்துவிடும். மோசடியைக் கழுவிவிட அதற்குச் சக்தி இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரியைவிடப் பயன் தருவது தெரிந்த குறைகளின் பட்டியல்: ஏ.சி. குளிர்ச்சி குறைவு, பின்பக்க இடது கதவு மறுபடி பெயின்ட் அடித்தது, ஸ்டீயரிங் திருப்பும்போது சத்தம். இருவரும் கையெழுத்திட்ட தாளில் இது இருந்தால், மறைத்தார் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர்

இனி பெரிய ஆபத்துக்கு வருவோம். முதலில், விற்கும் உரிமை. வண்டி உங்களுடையது, வாங்கியவர் தொந்தரவில்லாமல் அனுபவிக்கலாம், சொல்லாத அடமானம் எதுவும் அதன் மேல் இல்லை என்ற மூன்றும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் சொல்லாமலே அடங்கியவை. தனிநபருக்கும் இவை உண்டு. கடன் கட்டி முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கொடுத்து அந்தப் பதிவை நீக்காமல் பெயர் மாற்றம் நடக்காது. வண்டி எண்ணை வைத்து, போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் யாரும் இதைப் பார்த்துவிடலாம், வாங்குபவர் உட்பட.

அடுத்தது பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் 29-ஆம் எண் படிவத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் 30-ஆம் எண் படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? விற்றவர் இரண்டு படிவத்திலும் வாங்குபவர் பெயர் எழுதாமலே கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். வண்டி இரண்டு மூன்று கை மாறுகிறது. ஆர்.சி.யில் பழைய பெயரே நிற்கிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அப்படித்தான். கார் 2007-இல் விற்கப்பட்டு, அதன்பின் பலரிடம் போய், 2009 மே மாதம் விபத்து நடந்தது. பதிவேட்டில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். நான் விற்று இரண்டு வருடமாகிறது என்றார் அவர். சட்டத்தின் வரையறைப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது அதன் காரணம். நியாயமான காரணம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பணம் கைமாறிச் சாவி கொடுத்த பிறகு, இருவருக்கும் இடையில் கார் வாங்கியவருடையது. எஞ்சின் வெடித்தாலும் திருடு போனாலும் நஷ்டம் அவருக்கு. அதே நாளில் அந்தக் கார் தெருவில் யாரையாவது இடித்தால், அடிபட்டவர் பார்வையில் அது இன்னும் உங்களுடையது. வண்டிக்குக் காப்பீடு உயிரோடு இருந்தால் நிறுவனம் கொடுக்கும். வாங்கியவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கை வைக்கப்படுவது உங்கள் சொத்தில். மூன்றாம் நபர் காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டமே கருதும். ஆனால் அவருடைய சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, நிறுவனத்தில் பெயர் மாற்றினால்தான் வேலை செய்யும். இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி விற்றவருக்கே உரியது, அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

எனவேதான் நம் ஊரில் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதும் வழக்கம் இருக்கிறது. ‘இன்று காலை 11.40 மணி முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் விபத்து, அபராதம், குற்றம் அனைத்துக்கும் நானே பொறுப்பு’ என்று வாங்குபவர் கையெழுத்திடும் அந்தத் தாள், விபத்தில் அடிபட்டவரை எதிர்த்து உங்களைக் காக்காது. ஆனால் போலீஸ் வீட்டுக்கு வரும்போது காட்ட உதவும், நீங்கள் கட்டிய இழப்பீட்டை வாங்கியவரிடம் திரும்பக் கேட்கவும் உதவும். அவருடைய அடையாள அட்டை நகல், போட்டோ, பணம் வந்த வங்கிப் பதிவு எல்லாம் அதோடு சேர வேண்டும். ஒப்புகை வாங்காமல் 29-ஆம் படிவத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பெயர் மாறும் வரை விலையில் கொஞ்சம் பாக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. விற்பவர் பக்கம், பெயர் மாறிய பிறகுதான் இரண்டாவது சாவி என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள்.

அந்த போன் வந்தால்

கிளட்சுக்காகக் கூப்பிட்டவரிடம் போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், கத்தவும் வேண்டாம். மெக்கானிக் எழுதிக் கொடுத்ததை அனுப்பச் சொல்லுங்கள். விற்கும்போது நீங்கள் அனுப்பிய செய்திகளைத் திறந்து, கிளட்ச் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘கிளட்ச் போன வருடம்தான் மாற்றியது’ என்று எழுதியிருந்து, அது உண்மையில்லை என்றால், சமரசம் பேசுவதுதான் மலிவு. ஒன்றுமே சொல்லவில்லை என்றால், ‘ஓட்டிப் பார்த்து வாங்கினீர்கள், எனக்குத் தெரிந்து குறை இல்லை’ என்று இரண்டு வரியில் எழுத்தில் பதில் அனுப்பினால் போதும்.

நல்லெண்ணத்தில் கொஞ்சம் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தவர், சொந்தக்காரர் என்றால் பலர் அப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது பொறுப்பை ஏற்றுக் கொடுப்பதல்ல, இதோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்காமல் கொடுத்தால், அடுத்த மாதம் கியர் பாக்ஸ் என்று போன் வரும்.

முடியவில்லை என்றால் வாங்கியவர் போக வேண்டிய இடம் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றம். முப்பதாயிரம் ரூபாய் கிளட்சுக்கு வக்கீல் வைத்து வருடக்கணக்கில் நடப்பது யாருக்கும் கட்டாது. அதற்கு முன்னால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடாமலே இரு தரப்பையும் கூப்பிட்டு மக்கள் நீதிமன்றத்தில் பேசவைப்பார்கள். கட்டணம் இல்லை. அங்கே உடன்பாடு ஆகிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. போகும்போது விற்பனை ஒப்பந்தம், டெலிவரி நோட், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி, சர்வீஸ் பில்கள் இவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள். மெக்கானிக்கின் கடிதத்தில் என்ன பழுது என்பதோடு, அது எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்றும் எழுதி வாங்கிக்கொள்வது வாங்கியவருக்கு நல்லது. விற்ற தேதிக்கு முன்பே குறை இருந்ததா என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.